ஜோல்ட் கோலாவில் கசப்பது காஃபின்தானா?

கணக்குப்பிள்ளை

சுவைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதை நாக்கில் ஏற்றிக்கொண்டு எழுதாதீர்கள். காஃபின் கூடுதல் என்று சொல்லியே 1985இல் விற்பனைக்கு வந்த அமெரிக்கக் குளிர்பானமான ஜோல்ட் கோலாவைப் பற்றி நண்பர் அடிநாக்கு நேற்று இந்த மன்றத்தில் எழுதிய குறிப்பில் இரண்டு வரிகள்: “முதல் மடக்கிலேயே இரு மடங்கு காஃபினின் கசப்பு தொண்டைவரை இறங்கியது. உலகின் முதல் எனர்ஜி டிரிங்க் என்ற பட்டம் இதற்குத்தான் பொருந்தும்.” கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு.

எனர்ஜி டிரிங்க் கதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் கசப்பு. பழைய ஜோல்ட்டில் 12 அவுன்ஸ் டப்பாவுக்கு, அதாவது 355 மில்லிலிட்டருக்கு, 71.2 மில்லிகிராம் காஃபின். ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம். சாதாரண வடிகாப்பி 240 மில்லிலிட்டர் கோப்பையில் சுமார் 95 மில்லிகிராம் இருக்கும். அடர்த்தியில் ஜோல்ட்டைப்போல இரண்டு பங்கு. அந்தக் காப்பியின் கசப்பிலேயே காஃபினின் பங்கு சிறியதுதான். காஃபின் நீக்கிய காப்பியும் கசக்கத்தானே செய்கிறது? காப்பியில் எடுபடாத கசப்பு, பாதி அடர்த்தியில், சர்க்கரைப் பாகுக்கும் பாஸ்பாரிக் அமிலத்துக்கும் நடுவிலிருந்து எழுந்து வந்து இவருடைய தொண்டையில் மட்டும் இறங்கியதாம்.

அந்தக் கசப்பு காஃபினுடையது அல்ல. இதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், மற்றதைப் பேசலாம்.

அடிநாக்கு

ஐயா, நான் குடித்துவிட்டு எழுதினேன். நீங்கள் வகுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறீர்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று எழுதலாம் என நினைத்தேன். சுரைக்காய் கோபித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வருவது கோலாவின் வழக்கமான இனிப்பு. சற்றுத் தடித்த இனிப்பு. அடுத்து எலுமிச்சைத் தோலின் வாசம். நுரை அடங்கியதும், விழுங்கிய பிறகு, நாக்கின் பின்பக்கத்தில் வறண்ட கசப்பு ஒன்று தங்குகிறது. கோகோ கோலாவிலும் பெப்சியிலும் அது இல்லை. கூடுதலாக இதில் இருப்பது என்ன? காஃபின். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

நுரை

பஞ்சாயத்து கூடிவிட்டது. எல்லோரும் ஓரமாக உட்காருங்கள்.

கணக்குப்பிள்ளை

“கூடுதலாக இருப்பது காஃபின், ஆகவே கசப்பது காஃபின்.” இந்தத் தர்க்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிவைக்க வேண்டும். இரண்டு கோலாக்களுக்கு இடையில் காஃபின் ஒன்றுதான் வேறுபாடா? எரிசர்க்கரை (கேரமல்) நிறமி எவ்வளவு, அமிலம் எவ்வளவு, பழத்தோல் எண்ணெய் எது, எந்த விகிதத்தில் என்பதெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் பூட்டி வைத்திருக்கும் சமாசாரம். எரிசர்க்கரையே கசப்பானது. பழத்தோல் எண்ணெயும் கசக்கும். நீங்களே எலுமிச்சைத் தோல் வாசம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் பழியைக் காஃபின் தலையில் போடுகிறீர்கள்.

குடிக்காதவன் பேசுவதாகச் சொல்கிறீர்களே, குடித்தவர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் கிரிஃபித்ஸும் எலன் வெர்னோடிகாவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. தவறாமல் கோலா குடிக்கும் 25 பேர். காஃபின் உள்ள கோலாவையும் இல்லாத கோலாவையும் கொடுத்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கடையில் விற்கும் கோலாவின் அடர்த்தியில் கண்டுபிடித்தவர்கள் இரண்டே பேர், 8 சதவீதம். காஃபினைச் சுவைக்காகத்தான் சேர்க்கிறோம் என்று குளிர்பான நிறுவனங்கள் பல காலமாகச் சொல்லி வந்த காரணத்தையே அந்த ஆய்வு ஆட்டம் காண வைத்தது.

மீண்டும் எழுதுகிறேன். அந்தக் கசப்பு காஃபினுடையது அல்ல.

மெய்யம்மை

கணக்குப்பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டிய காலம் வந்துவிட்டதே! அந்த ஆய்வில் 8 சதவீதம் என்பது மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அடர்த்தியில் கிடைத்த முடிவு. கோகோ கோலா அளவு. ஜோல்ட் 0.2 என்று எழுதியவர் நீங்கள்தான். இரண்டு பங்கு அடர்த்தியான பானத்தைப் பற்றிய வாதத்துக்குப் பாதி அடர்த்தியில் செய்த சோதனையைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். அடர்த்தி கூடக் கூடக் கண்டுபிடிப்பவர்களின் எண்ணிக்கையும் கூடியது என்று அதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்ட மறந்துவிட்டீர்கள் போலும்.

தவிர, எல்லா நாக்கும் ஒன்றல்ல. கசப்பை உணரும் ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 25 வகை. காஃபினுக்கு அசைந்துகொடுப்பவை அவற்றில் சில மட்டுமே, அவையும் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குத் தெரியாத கசப்பு இன்னொருவருக்குத் தெரியலாம்.

இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி. கசப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? வாயில் இருக்கும்போது தெரிவதையா, விழுங்கிய பின் தங்குவதையா, துவர்ப்பையும் சேர்த்தா? அதை முடிவு செய்யாமல் எத்தனை பக்கம் எழுதினாலும் வீண்தான்.

கணக்குப்பிள்ளை

கசப்பு என்றால் கசப்பு. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

மெய்யம்மை அம்மையார் காஃபின் நீக்கிய காப்பி விவாதத்தில் பாதியில் எழுந்து போனவர். அன்று பாக்கி வைத்த பதிலை இங்கே வட்டியுடன் தருகிறார். மகிழ்ச்சி. அடர்த்தி கூடினால் கண்டுபிடிப்பவர்கள் கூடுவார்கள் என்பதை யார் மறுத்தார்கள்? ஒரு வாளி காஃபினைக் கொட்டினால் எனக்கும்தான் கசக்கும். 0.2இல், அதுவும் முதல் மடக்கிலேயே, தொண்டைவரை இறங்குமா என்பதுதான் கேள்வி.

டானிக் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதில் சேர்க்கும் கசப்புப் பொருளான குயினைன் பத்து லட்சத்தில் 83 பங்குக்கு மேல் போகக்கூடாது. அந்தத் துளியளவே வாயைக் கோண வைக்கிறது. ஜோல்ட்டில் காஃபின் பத்து லட்சத்தில் 200 பங்கு. அப்படியும் கசப்பு பிடிபட நுண்ணிய நாக்கு வேண்டும், மரபணு வேண்டும் என்கிறீர்கள். குயினைனுக்கு முன்னால் காஃபின் எவ்வளவு சோப்ளாங்கி என்று உங்கள் வாதமே காட்டுகிறது.

அடிநாக்கு

குயினைனைப் பற்றி யார் எழுதினார்கள்?

ராக்கோழி

இந்தப் பானத்தின் பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். 1990களில் அமெரிக்காவில் முதுநிலை படித்தபோது எங்கள் கணினி அறையின் குப்பைக்கூடை முழுக்க இந்த டப்பாக்கள்தான். நிரல் எழுதுகிறவர்களின் தேசிய பானம் என்றே சொல்லலாம். கசக்கிறதா இனிக்கிறதா என்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? பொழுது விடிவதற்குள் வேலை முடியவேண்டும், அவ்வளவுதான்.

அதன் முழக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது: ‘சர்க்கரை குறையாது, காஃபின் இரு மடங்கு.’ அது வந்த காலத்தைப் பாருங்கள். 1982இல் டயட் கோக். அதே ஆண்டு காஃபின் இல்லாத பெப்சி ஃபிரீ. 1983இல் காஃபின் இல்லாத கோக். எல்லோரும் எதையாவது கழித்துக்கொண்டிருந்தபோது, நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் சி. ஜே. ராப் என்ற மனிதர் 1985இல் எதையும் கழிக்க மாட்டேன், கூட்டித்தான் தருவேன் என்று வந்து நின்றார். கோகோ கோலா தன் பழைய செய்முறையை மாற்றி மக்களிடம் வசை வாங்கியதும் அதே 1985தான். துணிச்சல் என்றால் ராப்பின் துணிச்சல். அதை விட்டுவிட்டு இங்கே கசப்பு, கசப்பு என்று மாரடிக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

துணிச்சலாவது! ராக்கோழியார் பழைய நினைவில் உருகுகிறார், உருகட்டும். ஆனால் ‘காஃபின் இரு மடங்கு’ என்பதை வேதவாக்காக எழுதியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எதற்கு இரு மடங்கு?

கோகோ கோலாவின் இன்றைய அளவு 12 அவுன்ஸுக்கு 34 மில்லிகிராம். அதற்கு இரு மடங்கு என்றால் சரி. பெப்சி 38. இரு மடங்கு 76, ஜோல்ட் எட்டவில்லை. மவுண்டன் டியூ 54. அதற்கு ஒன்றேகால் மடங்கும் சில்லறையும்தான். உங்கள் 1990களிலேயே இணையத்தில் சுற்றிய காஃபின் பட்டியலில் கோகோ கோலாவுக்கு 45.6 என்று போட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி ஜோல்ட் 91 அல்லவா இருக்க வேண்டும்?

இருக்க முடியாது. கோலா வகைப் பானங்களில் 0.02 சதவீதம் காஃபின் வரை பாதுகாப்பானது என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வரம்பு. 12 அவுன்ஸுக்கு ஏறக்குறைய 72 மில்லிகிராம். ராப்பின் 71.2 அந்த வேலியில் முதுகைச் சாய்த்து நிற்கும் எண். சட்டம் விட்ட இடம்வரை போய் நின்றுகொண்டு புரட்சிக்காரன் வேடம் போட்டார். நல்ல வியாபாரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதைச் சொல்வது ஏனென்றால், அடிநாக்கின் வரியில் ‘இரு மடங்கு காஃபினின் கசப்பு’ என்றிருக்கிறது. இரு மடங்கும் இல்லை, கசப்பும் காஃபினுடையது இல்லை.

ராக்கோழி

வேலிவரை போவதும் துணிச்சல்தான். மற்றவர்கள் வீட்டுத் திண்ணையை விட்டே இறங்கவில்லை. அந்தப் பழைய பட்டியலில் இருந்த 45.6 பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அது சுற்றிய செய்திக் குழுக்களில் நான் நேரில் இருந்தவன். நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கணக்குப்பிள்ளை

பள்ளிக்கூடத்தில். பெருக்கல் வாய்பாடு படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் 45.6ஐ இரண்டால் பெருக்க வருகிறது.

நுரை

அடி!

பழைய டப்பா

வணக்கம். நான் குளிர்பான டப்பாக்களைச் சேகரிப்பவன். நீங்கள் எல்லோரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அடிநாக்கு எந்த ஜோல்ட்டைக் குடித்தார்? 1985இன் பானமா, பின்னாளில் திருகுமூடி போட்டு மின்கலம் வடிவத்தில் வந்த பெரிய டப்பாவா, 2017இல் மறுபிறவி எடுத்து வந்த 16 அவுன்ஸ் டப்பாவா? நிறுவனம் 2009இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதன் பிறகு வந்தவற்றை எல்லாம் ஒரே பானமாக நினைத்து 71.2 என்று பேசுவது எப்படிச் சரியாகும்? அடிநாக்கு தன் டப்பாவின் படத்தைப் போடட்டும். பக்கவாட்டு, மேல்மூடி, அடிப்பாகம் மூன்றும் தெரியவேண்டும்.

அடிநாக்கு

டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். மறுவெளியீடுதான். அதில் எழுதியிருந்த காஃபின் அளவு பழையதைவிட அதிகம். அப்படியானால் என் வாதம் இன்னும் வலுக்கிறதே! 0.2இல் தெரியாது என்று கணக்குப்பிள்ளை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். நான் குடித்தது 0.2 அல்ல.

கணக்குப்பிள்ளை

அருமை. இரண்டு நாட்களாக 1985இன் பானத்தைக் குடித்த மிதப்பில் எழுதிவிட்டு, இப்போது அது வேறு டப்பா என்கிறார். பழைய செய்முறையும் புதிய செய்முறையும் ஒன்றா என்று தெரியாமலேயே, கூடுதல் கசப்புக்குக் காரணம் காஃபின்தான் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். குறிப்பில் எந்த இடத்திலும் மறுவெளியீடு என்ற சொல்லே இல்லை. போய்ப் பாருங்கள், இப்போது சேர்த்திருந்தாலும் இருக்கலாம்.

வேறு டப்பா என்றால் சர்க்கரை வேறு, அமிலம் வேறு, வாசனைப் பொருள் வேறு. காஃபினைச் சந்தேகிக்க உங்களுக்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று.

அடிநாக்கு

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவர் முயலைக் கண்ணால் பார்க்காமலேயே மூன்று கால் என்கிறார்.

மெய்யம்மை

காஃபின் கூடுதல் என்றால் கசப்பு தெரியும் வாய்ப்பும் கூடுதல். இது அவருக்குச் சாதகமாகப் போகும் தகவல். அதை எப்படி அவருக்கு எதிராகத் திருப்பினீர்கள் கணக்குப்பிள்ளை? வித்தைதான். என் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது: எந்தக் கசப்பு? வாயிலா, விழுங்கிய பிறகா? புளிப்பையும் கசப்பையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கோலாவின் காரகாடி எண் (pH) 2.5க்குப் பக்கத்தில் நிற்கும். அவ்வளவு அமிலம் உள்ள பானத்தில் எது எதுவென்று பிரித்தறிவதே கடினம்.

கணக்குப்பிள்ளை

கேட்டீர்களா? புளிப்பைக் கசப்பு என்று குழப்பியிருக்கலாம் என்று மெய்யம்மையே சொல்லிவிட்டார். நன்றி அம்மையீர்.

மெய்யம்மை

நான் அப்படிச் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

நுரை

யாராவது அந்த ‘உலகின் முதல் எனர்ஜி டிரிங்க்’ விஷயத்துக்கு வாருங்களேன். எனக்கு அதில்தான் ஆர்வம்.

கணக்குப்பிள்ளை

வருகிறேன். அதையும் விட்டு வைப்பதாக இல்லை. ஜப்பானில் தைஷோ நிறுவனத்தின் லிபோவிட்டான் டி 1962இல் வந்தது. சின்ன பழுப்புப் புட்டி, டாரின், காஃபின், வைட்டமின். தாய்லாந்தின் கிராட்டிங் டேங் 1970களில். அதைக் குடித்துப் பார்த்த ஆஸ்திரியர் டீட்ரிச் மாடெஷிட்ஸ் தாய்லாந்தின் சாலியோ யூவித்யாவுடன் சேர்ந்து 1987இல் ஆஸ்திரியாவில் ரெட் புல்லை இறக்கினார். ஜோல்ட் 1985. ரெட் புல்லுக்கு மூத்தது, லிபோவிட்டானுக்கு இருபத்து மூன்று ஆண்டு இளையது. முதல் என்ற பட்டத்தை எந்தக் கோணத்தில் கொடுத்தார் அடிநாக்கு?

ராக்கோழி

லிபோவிட்டான் மருந்துக் கடைச் சரக்கு. அதைச் சோடாவோடு சேர்க்காதீர்கள். அடிநாக்கு அமெரிக்காவில் முதல் என்ற பொருளில் எழுதியிருப்பார்.

பழைய டப்பா

மருந்துக் கடைச் சரக்கு என்று தள்ளினால் கோகோ கோலாவையும் தள்ளவேண்டும். அட்லாண்டாவில் 1886இல் அது முதலில் விற்றது மருந்துக் கடையில்தான். இங்கிலாந்தின் லூகோசேட் 1927இல் ஒரு மருந்தாளுநர் நோயாளிகளுக்காகச் செய்தது. ‘எனர்ஜி’ என்று சொல்லியே விற்றார்கள். அதன் பழைய புட்டி என்னிடம் இருக்கிறது, மஞ்சள் தாள் சுற்றியது. விற்பதற்கில்லை, யாரும் கேட்கவேண்டாம்.

ராக்கோழி

லூகோசேட்டில் இருந்தது குளுக்கோஸ். அதை எல்லாம் எனர்ஜி டிரிங்க் என்றால் கரும்புச்சாறும் எனர்ஜி டிரிங்க்தான்.

நுரை

எனர்ஜி டிரிங்க் என்றால் என்ன என்று முதலில் யாராவது சொல்லக்கூடாதா?

கணக்குப்பிள்ளை

அது தேவையில்லை. எந்த விளக்கத்தை எடுத்தாலும் ஜோல்ட் முதல் அல்ல என்பதுதான் விஷயம். ராக்கோழியார் “அமெரிக்காவில் முதல்” என்று பின்வாங்குகிறார். அதுவும் நிற்காது. 1909இல் அமெரிக்க அரசு டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவுக்குப் போய்க்கொண்டிருந்த கோகோ கோலா பாகில் 40 பீப்பாய்களையும் 20 சிறு பீப்பாய்களையும் பறிமுதல் செய்தது. காஃபின் உடலுக்குக் கேடு என்று வழக்கு. பின்னால் நின்று அதை நடத்தியவர் வேளாண் துறையின் ஹார்வி வைலி, 1906இன் தூய உணவு மருந்துச் சட்டத்தின் தந்தை என்று பெயர் வாங்கியவர். 1911இல் விசாரணை. கோகோ கோலா தரப்பு ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளரை வைத்துக் காஃபின் சோதனைகள் நடத்தியது இதற்காகத்தான். கீழ்நீதிமன்றத்தில் நிறுவனம் வென்றது, 1916இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. 1917இல் சமரசம், காஃபின் பாதியாகக் குறைந்தது.

குறைவதற்கு முன் ஒரு கோப்பையில் ஏறத்தாழ 1.2 கிரெயின் காஃபின் இருந்தது. சுமார் 78 மில்லிகிராம். ஜோல்ட்டின் 71.2ஐவிட அதிகம், அதுவும் சிறிய கோப்பையில். ராப் 1985இல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வைலி விரட்டிய காஃபினில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

ஆக, முதல் என்பதும் போயிற்று, இரு மடங்கும் போயிற்று. மிச்சம் இருப்பது கசப்பு. அது காஃபினுடையது அல்ல.

ராக்கோழி

நான் பின்வாங்கவில்லை. கோகோ கோலா காஃபினைப் பற்றி வாய் திறக்காமல் விற்றது. ராப் அதை டப்பாவின் நெற்றியில் எழுதி விற்றார். அதுதான் முதல். காஃபின் இருப்பது வேறு, காஃபினுக்காக விற்பது வேறு. இது புரியாதவரிடம் எத்தனை பீப்பாய்க் கதை இருந்து என்ன பயன்?

பழைய டப்பா

திவாலானதற்குக் காரணம் யாருக்காவது தெரியுமா? அந்தத் திருகுமூடி டப்பாக்கள்தான். டப்பா செய்யும் நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தப்படி வாங்கியே ஆகவேண்டிய எண்ணிக்கை விற்பனைக்கு மேல் போய்விட்டது. பானம் தோற்கவில்லை, டப்பா தோற்கடித்தது. இதைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டேன் என்கிறீர்கள்.

ராக்கோழி

டப்பா, டப்பா! பானத்தைக் கொன்றது ரெட் புல். 1997இல் அமெரிக்காவுக்கு வந்தது, 250 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம். அதற்கு முன்னால் ஜோல்ட்டின் 71.2 சிறுபிள்ளை ஆகிவிட்டது. நீங்கள் தகரத்தை மட்டும் பார்ப்பவர், உள்ளே இருந்ததை எப்போதாவது ஊற்றிக் குடித்ததுண்டா?

பழைய டப்பா

தகரம் அல்ல, அலுமினியம். சேகரிப்பாளரிடம் பேசும்போது இந்த அளவுக்காவது தெரிந்துகொண்டு பேசவேண்டும். திறக்காத டப்பாவுக்குத்தான் மதிப்பு. குடிப்பதற்குச் சேகரிப்பவன் சேகரிப்பாளன் அல்ல.

அடிநாக்கு

என் குறிப்பை வைத்துத் தொடங்கிய விவாதத்தில் என் நாக்கைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டீர்கள். சரி, கணக்குப்பிள்ளைக்கு ஒரு சவால். மூன்று கோப்பை வையுங்கள். இரண்டில் காஃபின் இல்லாத கோலா, ஒன்றில் அதே கோலாவோடு ஜோல்ட் அளவுக்குக் காஃபின் கலந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடித்துக் காட்டுகிறேன்.

மெய்யம்மை

காஃபின் தூளை வாங்கி வீட்டில் கலக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒரு தேக்கரண்டி தூய காஃபின் தூள் சுமார் 28 கோப்பை காப்பிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. உயிர்கள் போயிருக்கின்றன. பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரைதான் பொதுவாகப் பிரச்சினை இல்லாதது. கரண்டியால் அளக்கும் சமாசாரம் அல்ல அது. வேண்டுமானால் கடையில் விற்கும் கோகோ கோலாவையும் அதே நிறுவனத்தின் காஃபின் இல்லாத கோக்கையும் வைத்துச் செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை

அதில் 0.1 அடர்த்திதானே வரும்? அதைக் கண்டுபிடித்தால் 8 சதவீதத்தில் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளலாம், ஜோல்ட்டுக்கு அது எப்படிச் சான்றாகும்? கண்டுபிடிக்காவிட்டால் மட்டும் 0.2இல் தெரியும் என்பீர்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத சவால்.

மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். ஒரு தடவை சொல்லிவிட்டு வெற்றி என்று அறிவிக்கக்கூடாது. பலமுறை செய்யவேண்டும், நடுவில் வாய் கொப்பளிக்கவேண்டும், மூன்றும் ஒரே குளிர்ச்சியில் இருக்கவேண்டும். குளிர்ச்சி குறைந்தால் இனிப்பு ஏறும், கசப்பைப் பற்றிய கணிப்பே மாறிவிடும். கோப்பையில் ஊற்றுவதைப் பார்க்காத ஒருவர் பரிமாறவேண்டும். இதற்கெல்லாம் சம்மதமா?

அடிநாக்கு

சம்மதம். ஆனால் ஊற்றுகிறவர் நீங்களாக இருக்கக்கூடாது.

கணக்குப்பிள்ளை

நான் ஊற்ற மாட்டேன். பழைய டப்பா ஊற்றட்டும், அவர் எதையும் குடிக்கமாட்டார்.

பழைய டப்பா

திறந்த டப்பாக்களை எனக்கு அனுப்பிவைப்பதாக இருந்தால் செய்கிறேன். நசுங்காமல்.

ராக்கோழி

அலுமினியத்துக்காக விலைபோகும் நடுவர். நல்ல சோதனைதான். முடிவு எப்படி வந்தாலும் ரெட் புல்தான் ஜோல்ட்டைக் கொன்றது, அதை மாற்ற முடியாது.

கணக்குப்பிள்ளை

கொன்றது யார் என்பதற்குத் தனி விவாதம் தொடங்குங்கள் ராக்கோழியாரே, அங்கும் வருகிறேன். அடிநாக்கு இன்னும் ஒரு நிபந்தனைக்குப் பதில் சொல்லவில்லை: சோதனைக்கு முந்தைய நாள் முழுவதும் காப்பியோ தேநீரோ தொடக்கூடாது.

அடிநாக்கு

காலைக் காப்பியை விடமுடியாது. அதையும் சேர்த்தே என் நாக்கு.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் அந்தக் கசப்பு உங்கள் காலைக் காப்பியினுடையதாகவும் இருக்கலாம்.